காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகும் நாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் அத்தனையையும் பிடித்துக் காப்பகங்களில் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டு, இந்த வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பின் ஆறு ஆண்டுகளாகத் தென்சென்னையில் உள்ள விலங்குகள் காப்பகம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் கூண்டு கழுவிச் சோறு வைத்துவருபவன் நான். எங்கள் கூண்டுகளில் இடமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவற்றில் பாதிக்கு மேல் தெருவில் பிறந்த நாய்கள் அல்ல, வீட்டில் வளர்த்துக் கைவிட்ட நாய்கள் என்பதை அந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் போனபோது, வாசல் கேட்டில் நீல நைலான் கயிற்றால் ஒரு லாப்ரடாரைக் கட்டியிருந்தார்கள். எட்டு ஒன்பது வயதிருக்கும். மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது, பின்னங்கால்கள் தள்ளாடின. பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் அரைக் கிலோ பிஸ்கட்டும் தடுப்பூசிப் புத்தகமும் இருந்தன. ஒரு வருடம்கூடத் தவறாமல் ஊசி போட்டிருக்கிறார்கள். நாயின் பெயரும் உரிமையாளரின் பெயரும் எழுதப்பட்டிருந்த முதல் தாளை மட்டும் கவனமாகக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் அது சோற்றைத் தொடவில்லை. வெளியே எந்தக் கார் வந்து நின்றாலும் எழுந்து நிற்கப் பார்க்கும்.

தெருநாய்க்குத் தன் எல்லை தெரியும். எந்த டீக்கடையில் பொறை விழும், எந்தச் சந்தில் நுழைந்தால் மற்ற நாய்கள் குதறும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்கின்றன மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கே இடம் தேடவேண்டிய நிலையில்தான் இருக்கிறோம். வீட்டு நாய்க்கோ திரும்பிப் போக ஒரு தெரு கிடையாது. நல்ல வீடு ஒன்று அமையாவிட்டால், சாகும்வரை அது எங்கள் கூண்டில்தான் இருந்தாக வேண்டும்.

'இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா' என்று கேட்பவர்கள், நெரிசல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. நாய்க்குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் பார்வோ கிருமி சிமெண்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். (பினாயிலை நம்பிப் பயனில்லை, பூனைகள் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, அவற்றுக்கு அது விஷம்.) நாய்களின் மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் இன்னும் மோசம், ஒரு நாய் தும்மினால் போதும், வரிசையாகப் பரவும். கால் முறிந்து வந்து, கட்டுப் போட்டு, எலும்பு கூடிய ஒரு குட்டி, பக்கத்துக் கூண்டிலிருந்து தொற்றிய டிஸ்டெம்பரால் வலிப்பு கண்டு இறந்ததைப் பார்த்தவன் நான்.

நாயை விட வருபவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தை பிறந்திருக்கிறது, மகனோடு வெளிநாடு போகிறோம் என்று காரணங்கள் வரும். சிலர் அழுதுகொண்டே விட்டுப்போவார்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முதல்நாள் இரவு போன் செய்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? இரண்டு மாதம் முன்பே சொன்னால், நாய் தன் வீட்டிலேயே இருக்கும்போதே படம் எடுத்துப் போட்டு வேறு வீடு பார்க்கிறோம். கூண்டில் சுருண்டு கிடக்கும் நாயைவிட, சோபாவுக்கடியில் விளையாடும் நாயை மனிதர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பது எங்கள் அனுபவம்.

சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். பட்டினியால் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பு மாறவில்லை. அந்தச் சட்டம் வருவதற்கு மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்த ருக்மிணி தேவி அருண்டேல் நம் சென்னையில் வாழ்ந்தவர். 1959இல் இதே ஊரில்தான் கேப்டன் சுந்தரம் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கி, 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யவும் ஆரம்பித்தார். அந்த ஊரில் இன்று மாட்டைச் சாலையில் அலையவிட்டால் மாநகராட்சி பத்தாயிரம் ரூபாய் வசூலிக்கிறது. நாயை விட்டுவிட்டு ஓடினால் ஐம்பது ரூபாய், அதுவும் ஆள் அகப்பட்டால்.

ஆளைக் கண்டுபிடிக்க இப்போது வழி இருக்கிறது. வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பையும் மாநகராட்சி கட்டாயமாக்கியுள்ளது. சிப்பைப் படிக்கும் கருவியை ஒவ்வொரு காப்பகத்துக்கும் தந்து, அந்த எண் யாருக்கு உரியது என்று அன்றே அதிகாரியிடம் கேட்டு அறியவும் வழிசெய்தால், கேட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்பது தெரிந்துவிடும். உரிமத்தைப் புதுப்பிக்காதவர்களிடம் நாய் எங்கே என்று ஒரு முறை விசாரித்தாலும் போதும். மேயரும் ஆணையரும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

லாப்ரடாரை விட்டுப்போனவர் இதைப் படிப்பாரானால் அவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முகவரி எங்களுக்கு வேண்டாம்; அதன் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கேட்டில் செருகிவிட்டுப் போங்கள். புருனோ, டாமி, ராக்கி என்று எல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம், அது திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை – 88.