அந்த ‘ஏனும்’

அன்புள்ள முருகேசு,

கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பதில் தாமதம். பேத்தி பிறந்த சேதியை என் மகள்தான் வாசித்துக் காட்டினாள். என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லையே?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ‘சாதியை உருவிவிட்டால் உங்கள் சாமியிடம் மிச்சம் என்ன இருக்கும்?’ அம்பேத்கர் வழியில் புத்தரிடம் போனவன் நீ, கேட்கத்தான் செய்வாய். கட்டிலில் கிடந்தபோது ஓடியதும் இதுதான்.

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் போகும் வழியில் அம்மன் கோயிலில் நின்றோமே, நினைவிருக்கிறதா? பூசாரி என் நெற்றியில் கட்டைவிரலால் திருநீறு பூசினார். உனக்கு, வாசலுக்கு வெளியே வந்து, ஒரு முழம் உயரத்திலிருந்து கையில் உதறினார். பாதி காற்றில் போயிற்று. மிச்சத்தை நீ கால்சட்டையில் துடைத்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பரைப் புரட்டினால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். ‘ஆவுரித்துத் தின்றுழலும் புலையரேனும்’ சிவனுக்கு அன்பரானால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்கிறார். எத்தனை மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன்! இந்த முறை அந்த ‘ஏனும்’ உறுத்தியது. முதலில் கீழே வைத்துவிட்டு அப்புறம் தூக்குகிற ‘ஏனும்’. பெரிய புராணத்தில் நந்தனாரைத் தில்லைக்குள் வரச் சொல்வது நடராசரேதான், ஆனால் தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். எழுந்து வருகிறவர் மேனியில் வெண்ணூல். ‘அப்ப உள்ள போனது நந்தனாரா?’ என்று கல்லூரியில் நீ கேட்டதற்குச் சண்டைக்கு வந்தேன். நீ கேட்டது சரிதான்.

ஆனால் ‘ஏனும்’ போடாத இடமும் உண்டு. தை மாதம் கன்னியாகுமரிப் பக்கம் அய்யாவழியின் தலைமைப்பதியான சாமித்தோப்பு போயிருந்தேன். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், 1830-களில், தலைப்பாகை கட்டித்தான் கும்பிட வேண்டும் என்றவர் அய்யா வைகுண்டர். சட்டையைக் கழற்றி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன். எதிரே சிலை இல்லை, விளக்கும் கண்ணாடியும். முன்னால் நின்றவர் நகர்ந்ததும் அதில் என் முகம், முண்டாசோடு. அப்புறம் ஒருவர் வெண்மண்ணை விரலால் என் நெற்றியில் தொட்டு இட்டார். எல்லாருக்கும் தொட்டுத்தான், தொட்டு நாமம் என்றே பெயர். காற்றில் போன அந்தத் திருநீறுதான் நினைவுக்கு வந்தது.

‘தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்’ என்கிறது அய்யாவழியின் வேதநூலான அகிலத்திரட்டு. சாத்திரத்தில் தர்மம் என்றால் பெரும்பாலும் அவனவன் பிறந்த குலத்துக்குரிய வேலை. அந்தச் சொல்லையே பிடுங்கி, கீழே கிடப்பவனின் பக்கம் வைத்துவிட்டார்கள். நான் தேடும் சமயத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் தெரியவில்லை. அய்யாவழிக்காரர்கள் பலர் தங்களை இந்து என்றே ஒப்புக்கொள்வதில்லை, தனி வழி என்கிறார்கள். இதைச் சொல்லி நீ சிரிப்பாய், தெரியும்.

இனி ஊர்ச் சேதி. சித்திரையில் வரும் அம்மன் கொடைத் திருவிழாவுக்கான கூட்டத்தில், காலனியிலும் கோயில் வரி வாங்குவோம் என்றேன். வரி வாங்கினால் கோயிலில் பங்கு தர வேண்டும். அதற்குப் பயந்துதானே இத்தனை வருஷம் வாங்கவில்லை. ‘அவங்களுக்குத் தனிக் கோயில் இருக்கே’ என்றார் ஒருவர். ‘1947-லயே கோயில் நுழைவுச் சட்டம் வந்தாச்சு, யார் தடுத்தா? வந்து கும்பிடட்டும்’ என்றார் இன்னொருவர். கும்பிடலாம், பங்கு கேட்கக் கூடாது! அப்படியானால் என் வரியும் கிடையாது என்று எழுந்து வந்துவிட்டேன். தம்பி அன்றிலிருந்து பேசுவதில்லை.

உன்னைத் திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன முகம் இருக்கிறது? பங்குனி முதல் வெள்ளி மறுபடி கூட்டம். இந்தத் தடவை இரண்டு வீட்டுக்காரர்கள் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை எழுதுகிறேன். நீ குழந்தையின் பெயரை எழுது.

அன்புடன்,
சிதம்பரம்