உதைபந்தாட்ட அட்டவணை முன்கூட்டியே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்துக் கழகங்கள் ஒன்றையொன்று ஒருமுறை எதிர்கொள்ள 45 போட்டிகள் தேவை. கழகங்களின் பெயர்களை எதிரெதிரே இரு வரிசைகளில் எழுதி, ஒன்றை அசையாது நிறுத்தி, ஏனைய ஒன்பதையும் வாரந்தோறும் ஓரிடம் சுழற்றினால், எவரும் இருமுறை சந்திக்காமல் 9 வாரங்களில் அவை முடிந்துவிடும். கடினமானது சோடி சேர்ப்பதன்று. சொந்த மைதானம், எதிரணி மைதானம் என மாறிமாறி வரச்செய்வதே. இந்த ஒழுங்கு குறைந்தது 8 தடவைகள் குலைவதைத் தவிர்க்கவே முடியாது என்பது கணிதம். ஆயினும் 380 போட்டிகள் கொண்ட இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அட்டவணை பருவம் தொடங்குமுன்பே வெளியாகிவிடுகிறது.

எங்கள் கழகத்துக்கோ சனிக்கிழமைப் போட்டி வியாழன் இரவுதான் அறிவிக்கப்பட்டது. விடியும்வரை கடலில் வலை இழுத்துவிட்டு வந்த எங்கள் பின்கள வீரருக்குச் சப்பாத்து நாடாவை முடியவே விரல்கள் மடங்கவில்லை. தொழிலுக்குப் போகும் இளைஞர்களை எண்ணியாவது, முழு அட்டவணையையும் முதற்போட்டிக்கு முன்னரே வெளியிடுமாறு பொறுப்பானவர்களை வேண்டுகிறேன்.

கழக உறுப்பினர் ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்.