அம்மா வாசிக்கும் எழுத்து

மண்டபம்

அன்பு மாப்ளே,

பாப்பா பத்தாவது தேறிய சேதியை அம்மா ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. அவளைக் கட்டாயம் மேலே படிக்க வை.

அம்மாவுக்கு இடுப்புவலி இன்னும் விடவில்லை. கடல்பாசி வளர்க்கிற வேலைதான் உனக்குத் தெரியுமே. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் 20 கயிறு. கயிறு நெடுக விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் அறுப்பு. கட்டுகிற வேலை முழுக்க நம்ம கொட்டகையில் கூனி உட்கார்ந்துதான். சொன்னால் நிமிரும், அடுத்த முடிச்சில் மறுபடி கூனிவிடும்.

அதனால் லேப்டாப் கேமராவைப் பக்கவாட்டில் வைத்து, அம்மா கூனினால் திரையில் எழுத்தாகச் சொல்கிற ஒரு புரோகிராம் எழுதினேன். படத்தில் உடம்பின் நிலையைக் கண்டுபிடிக்கிற மீடியாபைப் என்ற மென்பொருளை வைத்துத்தான் எழுதினேன். அது உடம்பில் 33 புள்ளிகளைக் காட்டும். எனக்குத் தோளும் இடுப்பும் போதும். அந்த ரெண்டையும் சேர்க்கிற கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால் கூனல் தெரிந்துவிடும். சேலை மறைப்பதால் இடுப்புப் புள்ளி அலைகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று ஒரு எண்ணும் கூடவே வரும். அது குறைந்தால் திரை எதுவும் சொல்லாது. நிச்சயமில்லாததைச் சொல்லி அம்மாவை அலைக்கழிக்க எனக்கு மனசில்லை.

கோணக் கணக்கு ஒரே நாளில் முடிந்தது. திரையில் எழுத்து வரவைக்க மூன்று வாரம் ஆச்சுடா! வீடியோவைக் கையாளுகிற ஓப்பன்சிவி லைப்ரரியில் படத்தின் மேல் எழுதுகிற புட்டெக்ஸ்ட் கட்டளைக்குத் தமிழ் தெரியாது, வெறும் கேள்விக்குறியாகப் போட்டது. பில்லோ என்ற இன்னொரு பட லைப்ரரியில் தமிழ் எழுத்துரு கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் 'முதுகை' என்பதில் ஐகாரக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்குகிற லிப்ராக்ம் லைப்ரரியைச் சேர்த்த பிறகுதான் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக எழுதினால் வீடியோ திக்குகிறது. இருப்பதே நாலைந்து வாக்கியம் என்பதால் அவற்றை முன்கூட்டியே படமாக்கி வைத்து ஒட்டிவிடுகிறேன்.

முதல் நாள் சிவப்பில் 'தவறான அமர்வு' என்று போட்டேன். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நான் என்னடா தப்புச் செஞ்சேன்?" என்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது 'அம்மா, முதுகை நிமித்து' என்று வருகிறது. கோண எண்ணையும் எடுத்துவிட்டேன், அதை வைத்து அம்மா என்ன செய்யும்?

இன்னொன்று. 25 டிகிரியில் எழுத்து வரும், அதற்குக் கீழே போனால் மறையும் என்று வைத்திருந்தேன். 24க்கும் 26க்கும் நடுவில் உடம்பு ஆடும்போது எழுத்து மின்னி மின்னி மறைந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு அது எப்படிப் போதும்? இப்போது 25ஐத் தாண்டினால் வரும், 18க்குக் கீழே இறங்கினால்தான் போகும், எப்படியும் 5 நொடி நிற்கும். கூனாமல் முடிச்சுப் போட முடியாது என்பதும் உண்மைதானே. அதனால் கூனியே பத்து நிமிஷம் போனால் 'எந்திரிச்சு ரெண்டு நடை நடந்துட்டு வா' என்று வரும். நேற்று அதைப் பார்த்து எழுந்து தண்ணீர்ப்பானை வரை போய் வந்தது.

லேப்டாப் திரை அம்மா கண்ணுக்குச் சின்னது. உன் ஆபீஸில் கழித்த மானிட்டர் ஏதும் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. வாடையில் வடகடல் கொந்தளிப்பாக இருக்கும், மிதவை வேலை ஓய்ந்திருக்கும், உட்கார்ந்து பேச நேரமுண்டு.

உன் தோழன்