கோடைப் பயிற்சிக்கான வேலையை ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்: சேலத்துக் கல்லூரிகளின் பொருளியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துறைத் தலைவர்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரலில் பருவத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் போனஃபைட் கடிதத்தை வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் தேடக் கிளம்புகிறார்கள். வங்கிக் கிளை, ஆடிட்டர் அலுவலகம், மாமாவின் ஜவுளிக்கடை என்று கிடைத்த இடத்தில் முப்பது நாள் உட்கார்ந்து முத்திரை வாங்கி வருகிறார்கள். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் பொருளியல் ஆலோசனைத் துறைக்குப் போக நினைக்கும் மாணவிக்கு அந்த ஏப்ரல் கடிதத்தால் பயனில்லை. ஏற்காட்டில் கோடை விழாவுக்குப் பூந்தொட்டி அடுக்கும் நேரத்தில் அங்கே இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

அந்தத் தொழில் என்ன என்பதில் நம் துறைகளிலேயே குழப்பம் இருக்கிறது. பங்குச்சந்தை ஆலோசனையும் வரி ஆலோசனையும் வேறு. இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் போட்டி குறையுமா, விற்பவர்கள் கூடிப் பேசி விலை வைத்ததால் வாங்கியவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார், கேட்கும் மின்கட்டண உயர்வுக்குச் செலவுக் கணக்கு இடம் கொடுக்கிறதா என்ற கேள்விகளுக்கு எண்ணால் விடை சொல்வதுதான் இந்த வேலை. இந்தியப் போட்டி ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம், நீதிமன்றம், அரசுத் துறை என்று எங்கே போனாலும் எதிர்த்தரப்பு அந்த எண்ணைக் குடைந்து பார்க்கும். அதனால் பயிற்சிக்கு வருபவரிடம் முதல் வாரம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. ஒரு விலைக் கோப்பைக் கொடுத்து விடுபட்ட தேதி, இரட்டைப் பதிவு, அலகு மாறிய வரிசை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அறிக்கையின் ஒவ்வொரு எண்ணும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சரிபார்க்கச் சொல்வார்கள்.

ஆட்களை எடுப்பவர்கள் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, மாணவர் தானே எழுதிய நான்கைந்து பக்கக் கட்டுரையைக் கேட்பதும் அதனால்தான். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். 'இந்தியப் பொருளாதாரத்தில் பணவீக்கத்தின் தாக்கம்' என்று இருபது பக்கம் அனுப்புகிறார்கள். முதல் பத்தியைத் தாண்டி அதை யாரும் படிப்பதில்லை.

சேலத்தில் இருந்துகொண்டு தலைப்புக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் பதிவான, ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இங்கே இருக்கிறது. ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் விளைகிறது. கிழங்கு விற்கும் விவசாயிகள் பல ஆயிரம், வாங்கும் ஆலைகளோ அதைவிட மிகக் குறைவு. வாங்குபவர் கை ஓங்கியிருக்கிறதா என்பது போட்டிப் பொருளியலின் அசல் கேள்வி.

ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது மூட்டை. ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ. மூட்டை விலையையும் குவிண்டால் விலையையும் எக்செலில் ஒரே பத்தியில் கொட்டினால், விலை அசையாமலே 10 சதவீதம் விழுந்ததுபோல் தெரியும். இரண்டாவது பாயிண்ட். கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை, அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைச் சொல்லும் பாயிண்டுக்கு வாங்குகிறார்கள். டன்னுக்கு ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய், 24 பாயிண்ட் கிழங்கு டன் 7,200 ரூபாய். மழை பெய்து கிழங்கில் மாவுச்சத்து குறையும்போது டன் விலை இறங்கும், பாயிண்ட் விலை அப்படியே நிற்கும். இது புரியாத மாணவர் 'ஆலைகள் சேர்ந்து விலையைக் குறைத்துவிட்டன' என்று எழுதிவிடுவார். புரிந்தவர் பாயிண்ட் விலையைத் தனியே பிரித்து, அதை ஜவ்வரிசி விலையோடு ஒப்பிட்டு, இடைவெளி எந்த மாதங்களில் விரிகிறது என்று ஒரே ஒரு வரைபடம் போடுவார். அந்த ஒரு வரைபடம் போதும், நேர்காணலுக்கு அழைப்பு வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசில் கூலியும் சேதாரமும், ஏற்காட்டுக் காப்பியில் தோட்ட விலைக்கும் ஏல விலைக்கும் உள்ள இடைவெளி என்று இன்னும் பல தலைப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கட்டுரையோடு சில அடிப்படைக் கணக்குகள் விரல்நுனியில் வேண்டும். சந்தைப் பங்கு 40, 30, 20, 10 என்றால் சந்தை எவ்வளவு சிலர் கையில் குவிந்திருக்கிறது என்று காட்டும் ஹெர்ஃபிண்டால் குறியீடு, பங்குகளின் வர்க்கங்களான 1600, 900, 400, 100 கூட்டி 3000. கடைசி இரண்டும் இணைந்தால் 3400. உயர்வு 400, அதாவது 20ஐயும் 10ஐயும் பெருக்கி இரட்டித்தது. இதைத் தாளில் போடத் தெரியாமல் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் தெரியும் என்று சி.வி.யில் எழுதுவதில் பொருளில்லை. மென்பொருளுக்கு ஆர் போதும், அது இலவசம். எக்செலில் பிவட் அட்டவணையும் லுக்கப்பும் பார்க்காமல் கை போக வேண்டும், ஏனென்றால் தேர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான்.

போட்டி ஆணையத்தின் உத்தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012இல் 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவை மூன்றாம் பருவத்திலேயே வகுப்பில் வாசிக்கலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015இல் அதை ரத்துசெய்து திருப்பி அனுப்பியது, 2016இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. அபராதத் தொகையை மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் விலை ஏற்றியது மட்டுமே ஏன் சான்றாகாது என்று கேட்டுப் பாருங்கள். நிலக்கரி விலை ஏறினால் யாரும் யாரோடும் பேசாமலே எல்லாரும் ஏற்றுவார்கள் அல்லவா?

இனி நாள்காட்டி. ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சி முதுநிலை மாணவர்களுக்கும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் இருப்பவர்களுக்குமானது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். நிதி ஆயோக் ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10ஆம் தேதி வரை இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிறது. இளநிலை மாணவர் நான்காம் பருவத் தேர்வை எழுதியிருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் 85 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இந்த 85 தெரியாமல் ஒரு பருவத்தையே வீணாக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். டெல்லி, குருகிராம் ஆலோசனை நிறுவனங்களுக்கு ஜனவரிக்குள் எழுதிவிடுவது நல்லது. சென்னையில் எம்.ஐ.டி.எஸ். (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்), மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் ஆய்வு செய்யும் பேராசிரியருக்கு நேரடியாக எழுதலாம்.

எழுதும் மின்னஞ்சல் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். அந்த நிறுவனம் செய்த எந்த வேலையைப் படித்தேன், எந்த எட்டு வாரம் வர முடியும், இணைப்பில் என்ன இருக்கிறது, அவ்வளவு போதும். ஒரு பக்க சி.வி.யும் கட்டுரையும் ஒரே பி.டி.எஃப். அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பேச்சுப்போட்டிச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் 'ரெஸ்பெக்டெட் சார் ஆர் மேடம்' என்று அனுப்பினால் அறுபதும் குப்பைக்குத்தான் போகும். பதில் இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மூன்றாம் முறை வேண்டாம்.

உங்களால் மட்டுமே சரிசெய்ய முடிகிற ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் நீங்கள் 40 பக்க அறிக்கை கேட்கிறீர்கள்: நிறுவன வரலாறு, அலுவலகப் படம், தரவு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. இந்தத் துறையில் சேரும் முதல் நாளே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வேலை கொடுத்த வாடிக்கையாளரின் பெயரைக்கூட வெளியே சொல்லக் கூடாது. மாணவர் கல்லூரிக்குக் கட்டுப்பட்டால் ஒப்பந்தத்தை மீறுகிறார், ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டால் மதிப்பெண்ணை இழக்கிறார். அறிக்கைக்காக ஒரு மாணவர் நடையாய் நடந்தால், அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியிலிருந்து யாரையும் எடுக்கத் தயங்குவார்கள். ஆகவே கற்ற முறையைப் பொதுத் தரவில் போட்டுக் காட்டும் 15 பக்க அறிக்கையை ஏற்றுக்கொள்ள உங்கள் பாடத்திட்டக் குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். அலுவலகம் ஒரே பக்கத்தில் தரும் நிறைவுச் சான்றைப் போதுமானதாக வையுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நிதி ஆயோக் பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. டெல்லியில் ஆறு வாரம் தங்கவும் சாப்பிடவும் முன்னாள் மாணவர் நிதியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு பேருக்குக் கொடுத்தால்கூட நல்லது. பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் நிறுவனங்களின் சுற்றறிக்கையைத் தயவுசெய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஐந்தாம் பருவ, மூன்றாம் பருவ மாணவர்களை உட்காரவைத்துத் தலைப்பைப் பிரித்துக் கொடுங்கள். தீபாவளிக்குள் முதல் வரைவு, டிசம்பருக்குள் திருத்திய கட்டுரை. தடையில்லாச் சான்றை நிறுவனத்தின் பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே அச்சடித்து வையுங்கள். ஜனவரியில் பிள்ளை வந்து நின்றால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். வரைவுகளைப் படித்துத் திருத்தித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பொருளியல் ஆலோசனைப் பணியில் இருக்கும் சேலத்துக்காரர்கள் சிலர்