காற்றாலைக்கு எந்த ரெக்டிஃபயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மாடியில் சொந்தமாகக் காற்றாலை அமைத்த மாணவர்கள் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்து மகிழ்ந்தேன். இறக்கை, கம்பம் எல்லாம் விரிவாக வந்திருந்தன. ஆனால் காற்றாலையின் ஏசி மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆரல்வாய்மொழியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பழுதென்று என்னிடம் வரும் சிறு காற்றாலைகளில் பெரும்பாலும் கருகியிருப்பது அதுதான்.

காந்த ஜெனரேட்டரிலிருந்து மூன்று வயர் வந்தால், ஐந்து முனை உள்ள த்ரீ பேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் நான்கு முனைச் சில்லு, இரண்டு வயர் மட்டும் வரும் சிங்கிள் பேஸுக்கானது. 12 வோல்ட் பேட்டரிக்கு 30 ஆம்பியர் ஏறும்போது கரண்ட் ரெக்டிஃபயருக்குள் இரண்டு டயோடுகளை (ஒரே திசையில் மட்டும் கரண்ட் விடுபவை) தாண்டியாக வேண்டும்; அங்கேயே சுமார் 2 வோல்ட் போய்விடும். அதாவது 60 வாட் வெறும் சூடு! சூட்டை வெளியேற்றும் பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கும், இடையில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட்டும் இல்லாவிட்டால் தாங்காது. 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி அத்தனையும் ஏற்றாதீர்கள். தேவையைப் போல இரண்டு மடங்கு பாருங்கள். 48 வோல்ட்டில் அமைத்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் கால்வாசிதான், சூடும் குறையும்.

ஆடிக் காற்றில் பேட்டரி வயர் கழன்றால் சுமையில்லாமல் இறக்கை தறிகெட்டுச் சுற்றும், வோல்டேஜ் எகிறும். ஆகவே 1000 வோல்ட்டுக்குக் குறைவாகத் தாங்கும் ரெக்டிஃபயரைப் போடாதீர்கள்.

அடுத்த முறை இத்தகைய செய்தியோடு இந்த விவரத்தையும் பெட்டியில் தந்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

– மோட்டார் வைண்டிங் தொழிலாளி, ஆரல்வாய்மொழி