மைமோ நடத்தும்போது பொள்ளாச்சிக்காரரையும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்பு) துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் துறையில் படித்தவன்தான். கடைசி வருடத்தில் மைமோ (MIMO), அதாவது பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே அலைவரிசையில் பல தகவல்களை அனுப்பும் முறை, ஒரே பீரியடில் முடிந்துவிட்டது. போர்டில் ஒரு மேட்ரிக்ஸ், அதன் கீழே கெப்பாசிட்டி ஃபார்முலா. "பதினாறு மார்க் கேள்வி, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றார்கள். வைஃபை ரவுட்டரில் கொம்பு கொம்பாக நிற்கும் ஆன்டெனாக்களுக்கும் அந்த மேட்ரிக்ஸுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லவில்லை. இந்த மைமோவுக்கு 1994-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஆரோக்கியசாமி பால்ராஜ் பொள்ளாச்சியில் பிறந்தவர் என்பதே எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

அவர் பதினைந்து வயதில் ராணுவப் பயிற்சிக்குப் போய்க் கடற்படை அதிகாரியானவர். 1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. அதன்பின் கப்பல்களின் சோனாரை, அதாவது ஒலியை வைத்து நீருக்குள் இருப்பதைக் கண்டறியும் கருவியை, மேம்படுத்தும் வேலை அவரிடம் வந்தது. 1973-ல் டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம். அப்புறம் கொச்சிக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் அப்சோ (APSOH) என்ற சோனாரை உருவாக்கினார்.

பாடத்துக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கடலுக்குள் ஒலி மேற்பரப்பிலும் அடித்தரையிலும் பட்டுப் பல வழிகளில் திரும்பி வரும். பல உணரிகளை வரிசையாக வைத்து அந்தக் கலவையிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பதே சோனார்க்காரரின் பிழைப்பு. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ரேடியோ அலைகளைப் பிரித்துப் பார்த்தபோது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களைக்கூடப் பிரிக்க முடிவதைக் கவனித்தார். சுற்றியிருந்தவற்றில் பட்டுச் சிதறிய அலைகள்தான் அதற்குக் கைகொடுத்தன. ஃபேடிங் (சிக்னல் மங்கி ஏறி இறங்குவது) அத்தியாயத்தில் தொல்லை என்று நாம் எழுதும் அதே சிதறல்! சரி, வேண்டுமென்றே பல ஆன்டெனாக்களிலிருந்து வெவ்வேறு தகவல்களை ஒரே அலைவரிசையில் அனுப்பினால் என்ன? மைமோ அப்படிப் பிறந்தது. இன்று 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் இருக்கிறது. 2014-ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

உங்களிடம் கேட்பது ஒரு பீரியட். ஃபார்முலாவுக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துப்போய், இரண்டு ஸ்பீக்கரில் இரண்டு பேச்சுகளை ஓடவிட்டு, இரண்டு மைக்கில் பதிவு செய்து, அவற்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரொலி கொஞ்சம் படுத்தும், படுத்தட்டும்.

ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். மைக் இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
பழைய மாணவன் ஒருவன்