ஹர்ட்டின் கட்டைவிரல்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததில் ரொம்ப சந்தோஷம். வர முடியாததற்கு என்னைத் திட்டாதே, என் முழங்காலைத் திட்டு. இங்கே புதிதாக ஒன்றுமில்லை. காலையில் நடை, மத்தியானம் காதில் ஹெட்போன்.

'அமெரிக்காவின் பழைய மிசிசிப்பி புளூஸ் பாடகர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, போதாததற்குக் கரகரவென்று இரைச்சல்' என்று எழுதியிருந்தாய். பின்னாளில் மின்கிதாரில் புளூஸ் வாசித்த பி.பி.கிங்கோடு நின்றுவிட்டவனுக்கு அப்படித்தான் தோன்றும். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டையும் ஸ்கிப் ஜேம்ஸையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

ஹர்ட்டிடம் முதலில் கவனிக்க வேண்டியது குரலை அல்ல, வலது கட்டைவிரலை. கிதாரின் தடித்த கம்பிகளை மாறி மாறித் தட்டிக்கொண்டே போகும், பாட்டு முடியும்வரை ஓயாது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் போடும், அதுவும் தாளத்துக்குச் சற்று முன்னே பின்னே. குரலோ திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது போல இருக்கும். 1928இல் ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடினார், தட்டுகள் விற்கவில்லை, திரும்பப் போய் வயல் வேலை பார்த்தார். அப்போது பதிவான ஒரு பாட்டில் தன் ஊர் அவலான் என்று பாடியிருந்தார். அந்தப் பெயரை வரைபடத்தில் தேடித்தான் 1963இல் ஒரு ரசிகர் அவரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார். கட்டைவிரல் அதேபடி ஓடியது!

ஜேம்ஸ் வேறு ரகம். மிசிசிப்பியில் பென்டோனியா என்ற ஊர்க்காரர். கம்பிகளை மைனர் என்ற சோகச் சாயல் ஸ்வரக்கூட்டுக்குச் சுருதி கூட்டிக்கொண்டு, கள்ளக்குரலில் உச்சத்தில் பாடுவார். கேட்கிற நமக்கு முதுகு சில்லிடும். 1931 பிப்ரவரியில் விஸ்கான்சினில் கிராஃப்டன் என்ற ஊரில் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு செய்தார். அந்தக் கம்பெனியை நடத்தியவர்கள் நாற்காலி வியாபாரிகள்! தட்டுகளை மட்டமாகத்தான் அடித்தார்கள், நீ சொல்லும் இரைச்சலுக்கு அது ஒரு காரணம். அதற்காக இரைச்சலை முழுக்க வடிகட்டிய பதிப்பை வாங்கிவிடாதே, கம்பியின் கூர்மையும் சேர்ந்தே போய்விடும்.

அவரையும் 1964இல் ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து மறுபடி வாசிக்க வைத்தார்கள். அந்தப் பதிவுகளும் அழகுதான், ஆனாலும் எனக்குப் பிடித்தது 1931 பதிவுதான். 'ஐயாம் சோ கிளாட்' பாட்டில் அன்று விரல்கள் ஓடிய வேகம் பின்னால் வரவே இல்லை. ஹர்ட்டுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை, அவர் பாணிக்கு அவசரம் கிடையாது.

உன் சின்னவன் கிதார் கற்கிறான் என்றாயே, ஹர்ட்டைப் போல மோதிர விரலையும் சுண்டு விரலையும் பெட்டி மேல் ஊன்றிக்கொண்டு வாசித்துப் பார்க்கச் சொல். கட்டைவிரல் பழகும்வரை மெட்டுப் பக்கம் போகவே வேண்டாம். முதலில் அவனுக்குப் புதுக் கம்பி வாங்கிக் கொடு, போன தடவை பார்த்தபோது துருப்பிடித்துக் கிடந்தது.

அன்புடன்,
ராகவன்